செலரி இல்லாத கல்யாணம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்த அம்மாள் வந்துவிடுவார். எழுபத்தைந்துக்குக் குறையாத வயது. குளிர்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டுவார். பிறகு பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்புவார். மூக்குக்கண்ணாடிக் கூடு, ரப்பர் பேண்டு போட்ட வெள்ளை அட்டைக் கட்டு, கறுப்பு மைப் பேனா, கடைசியில் சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன ஒரு பச்சைக் கலர் பென்சில். பென்சிலை மட்டும் கைக்குட்டையை விரித்து அதன் மேல் கிடத்துவார், உருண்டு விழாமல் இருக்க.

நான் உட்காருவது எதிர் மேசையில், ஜன்னலோரம். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் கவுண்டியைச் சேர்ந்த ஒரு சின்ன ஊரின் நூலகம் அது. மகள் வேலைக்குப் போகிற வழியில் என்னை இறக்கிவிடுவாள், மத்தியானம் வந்து ஏற்றிக்கொள்வாள். ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அப்பாக்களுக்கு அமெரிக்காவில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை உண்டு. எனக்குப் பேரப்பிள்ளை இல்லை. இங்கிலீஷ் படிக்க வரும், பேச நாக்கு கூசும். எனவே வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டேன்.

அந்த அம்மாள் நாவல் படிக்க வருகிறார். படித்து முடித்ததும் உள்ளங்கை அகல அட்டையில் ஏழெட்டு வரி எழுதுவார். மை காயும்வரை அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பச்சைப் பென்சிலைக் கையில் எடுப்பார். சில நாள் அட்டையின் வலது மூலையில் ஏதோ வரைவார். சில நாள் ஒன்றும் வரையாமல் கைக்குட்டையிலேயே திருப்பி வைத்துவிடுவார். கடைசியில் எழுந்து போய், அலமாரி விளிம்பில் தொங்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையைச் செருகுவார். பத்திரிகையில் வராத, பெயர் போடாத மதிப்புரை. அதைப் படித்துவிட்டுத்தான் பெண்கள் நாவலை எடுப்பதும் விடுவதும்.

அவர் ஆட்சிசெய்யும் அலமாரிக்கு எதிரே போய் ஒரு நாள் நின்றேன். புத்தக முதுகுகளில் சின்னச் சிலுவை ஸ்டிக்கர். கிறிஸ்தவ நாவல்கள். இந்த வகைக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. கெட்ட வார்த்தை கூடாது, படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்க வேண்டும், முடிவில் ஆறுதல் இருக்க வேண்டும். பிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ 1991-ல் பொதுப் பதிப்பகத்தில் வந்தது. 1997-ல் கிறிஸ்தவப் பதிப்பகத்துக்கு மாறியபோது திருத்தப்பட்டு மறுபடி வந்தது. ஓசியா தீர்க்கதரிசி கதையைக் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோன நாவல். அதற்கு அம்மாள் எழுதிய அட்டையில் ஒரு வரி: விபசாரியின் கதையைச் சுத்தமான சொற்களில் சொல்வது எளிதல்ல, இவர் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறார்.

அலமாரியில் மூன்றில் இரண்டு பங்கு ஆமிஷ் நாவல். அட்டைப்படம் எல்லாம் ஒரே வார்ப்பு. கோதுமை வயல், மாலை வெயில், வெள்ளைக் குல்லா போட்ட பெண் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஓர் அட்டையில் அம்மாள் எழுதியிருந்ததைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டைப்படத்துப் பெண் புருவம் திருத்தியிருக்கிறாள், அதை மன்னித்துவிட்டு உள்ளே போங்கள் என்று எழுதியிருந்தார்.

ஆமிஷ் மக்களை அந்த ஊரில் தேடிப் போக வேண்டியதில்லை. நூலகத்துக்கு வெளியே குதிரை கட்ட ஒரு கம்பி இருக்கிறது. 1693-ல் யாகோப் அம்மான் என்பவர் சுவிட்சர்லாந்து அனபாப்டிஸ்டு சபையோடு முரண்பட்டுப் பிரிந்தார். அவர் வழி வந்தவர்கள் இவர்கள். இன்று வட அமெரிக்காவில் ஏறக்குறைய 4 லட்சம் பேர். வீட்டுக்குள் மின்கம்பி வராது, சொந்தமாகக் கார் கிடையாது, பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அந்த எட்டாம் வகுப்புக்காக வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1972-ல் இவர்கள் பக்கம் தீர்ப்பானது. பெண்களின் உடுப்பில் பொத்தானுக்குப் பதில் குண்டூசி. தங்களுக்குள் பேசுவது பென்சில்வேனியா டச்சு என்கிற ஜெர்மன் கிளைமொழி. மற்றவர் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், ‘இங்கிலீஷ்காரர்’. அந்தக் கணக்கில் நானும் ஓர் இங்கிலீஷ்காரன்!

இவர்களைப் பற்றிய நாவல்களில் பெரும்பாலானவற்றை எழுதுவது இவர்கள் இல்லை, இங்கிலீஷ்காரப் பெண்கள். வாசிப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. 1997-ல் பெவர்லி லூயிஸ் எழுதிய ‘தி ஷன்னிங்’ இந்த வெள்ளத்துக்கு மடை திறந்தது. அவர் லங்காஸ்டரில் பிறந்தவர். அவருடைய பாட்டி பழைய ஒழுங்கு மென்னோனைட் சபையை விட்டு வெளியேறியவர். நாவலில் கேட்டி லாப் என்ற பெண், மனைவியை இழந்த பிஷப் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிற சமயத்தில், பரணில் ஒரு சாட்டின் குழந்தைச் சட்டையைக் கண்டெடுக்கிறாள். ஆமிஷ் வீட்டில் சாட்டின் ஏது? தான் யார் பெற்ற பிள்ளை என்ற கேள்வி அங்கே முளைத்து, கல்யாணத்தில் முறிந்து, சபை அவளை விலக்கிவைப்பதில் போய் முடிகிறது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2006 அக்டோபரில் நிக்கல் மைன்ஸ் பள்ளிக்கூடத்தில் ஐந்து ஆமிஷ் சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சுட்டவன் குடும்பத்தாரிடம் இவர்கள் உடனே போய் மன்னித்தோம் என்றார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது, நாவல்களும் பெருகின. 2012-ல் நான்கு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் புதிய ஆமிஷ் காதல் நாவல் வந்துகொண்டிருந்தது.

‘தி ஷன்னிங்’ அந்த அலமாரியில் மூன்று பிரதிகள் இருந்தன, மூன்றும் ஓரம் நைந்து. கீழே தொங்கிய உறையில் மட்டும் அட்டை இல்லை. யாரோ உருவிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற அட்டைகளை வாரம் ஐந்தாறாகப் படித்தேன். முகத்துக்கு முன் ஒரு புத்தகத்தைப் பிடித்தபடி அட்டையைப் படிப்பது ஒரு கலை. வலது மூலைப் பச்சைக் கிறுக்கல் கிட்டத்தில் பார்த்தால் ஒரு தண்டு, உச்சியில் மூன்று நான்கு இலை. சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. நட்சத்திரம் போடுவதுபோல இது ஏதோ மதிப்பெண் என்று முதலில் எண்ணினேன். ஆனால் வாயாரப் புகழ்ந்த நாவலுக்குத் தண்டு இல்லை, திட்டித் தீர்த்த ஒன்றுக்கு இருந்தது. பிள்ளைகள் படிக்கலாம் என்பதற்கு அடையாளமோ? அதுவும் பொருந்தவில்லை.

புகழ்ச்சியிலும் ஊசி வைத்துத்தான் எழுதுவார். மாதம் ஒன்றாக வந்துகொண்டிருந்த ஒரு தொடர் நாவலுக்கு எழுதியது: கதைப்போக்கு சுகம், பாயசம்போல இறங்குகிறது, ஆனால் இந்தப் பண்ணையில் தொழுவம் இருக்கிறது, சாணி இல்லை. (பாயசம் என் சரக்கு, அவர் எழுதியது புட்டிங்.) அதற்குத் தண்டு இல்லை.

லிண்டா பைலரின் ‘லிஸி’ நாவல்களுக்கு இலையோடு தண்டு. பைலர் ஆமிஷ் சபைக்குள் இருந்துகொண்டே எழுதுகிறவர். லிஸியின் கோபம், குதிரை மேல் ஆசை, சாப்பாட்டு ஆசை எல்லாம் அப்படியே வருகின்றன, இங்கிலீஷ்காரர் எழுதினால் இவள் புனிதவதி ஆகியிருப்பாள் என்று குறிப்பு.

பெவர்லி லூயிஸ் 2022-ல் எழுதிய ‘தி ஆர்ச்சர்டு’க்கு எழுதிய அட்டைதான் எல்லாவற்றிலும் நீளம், எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி எழுதியிருந்தார். வியட்நாம் போர்க் காலம். லங்காஸ்டரில் ஒரு பழத்தோட்டக் குடும்பம், எல்லி, இவான் என்று இரட்டையர். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டில் இவான் எண் விழுகிறது. ஆயுதம் எடுக்காத சபை இது. மனசாட்சி மறுப்பு என்று மனு எழுதிக் கொடுத்தால் துப்பாக்கி தூக்க வேண்டியதில்லை. பையன் அந்த மனுவைக் கொடுக்கவே இல்லை என்று வீட்டுக்குத் தெரியவருவதில் கதை சூடு பிடிக்கிறது. அம்மாள் கதையை இரண்டே வரியில் முடித்துவிட்டு வேறொன்றை எழுதியிருந்தார். மனு கொடுத்த பையன்களையும் சும்மா விடவில்லை, இரண்டு வருஷம் பட்டணத்து ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். வார்டு துடைக்கப் போன அவர்களில் சிலர் பழைய தொப்பியோடு திரும்பவில்லை. அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களைப் பற்றியும் யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும்.

இந்த வரிக்குக் கீழே பேனா கொஞ்சம் நின்றிருந்தது. மை புள்ளியாகப் பரவியிருந்தது.

சிலுவை ஸ்டிக்கர் இல்லாத பொது அலமாரியிலும் இரண்டு அட்டைகள் தொங்கின. ஒன்று மரிலின் ராபின்சனின் ‘ஜாக்’, 2020. போதகர் வீட்டு ஊதாரிப் பிள்ளை, செயின்ட் லூயிஸ் நகரத்துக் கறுப்பினப் பள்ளி ஆசிரியை, இருவரும் கட்டிக்கொள்வதைச் சட்டமே தடுத்த காலம். பூட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஓர் இரவு முழுக்க நடந்துகொண்டே பேசுகிறார்கள். நரகம் உண்டா, கிருபை எனக்கும் உண்டா என்பதே பேச்சு. கை நகம்கூட அத்துமீறாத காதல். எங்கள் அலமாரியில் இதைவிடச் சுத்தமான நாவல் கிடையாது, ஆனாலும் இதற்கு ஏன் சிலுவை ஒட்டவில்லை என்று கேட்டிருந்தார். ஸ்டிக்கர் ஒட்டுவது பதிப்பகத்தின் பெயரைப் பார்த்து, கதையைப் பார்த்து அல்ல என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

இன்னொன்று மிரியம் டேவ்ஸின் ‘விமன் டாக்கிங்’, 2018. பொலிவியாவில் ஒரு மென்னோனைட் குடியேற்றத்தில் பெண்களுக்கு இரவில் மயக்கமருந்து தெளித்து வன்கொடுமை செய்த உண்மைச் சம்பவத்திலிருந்து எழுந்தது. நாவலில் எட்டுப் பெண்கள் வைக்கோற்பரணில் கூடுகிறார்கள். பேசாமல் இருப்பதா, இருந்து சண்டை போடுவதா, ஊரை விட்டுப் போவதா? அவர்களுக்கு எழுதத் தெரியாததால் ஓர் ஆண் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறான். அம்மாளின் குறிப்பு ஒரே வாக்கியம். பேத்திக்குக் கொடுக்கும் முன் நீங்கள் படியுங்கள், படித்த பிறகு கட்டாயம் கொடுங்கள். மூலையில் தண்டு, இதுவரை பார்த்ததிலேயே இலை அதிகமாக.

அக்டோபர் கடைசிச் செவ்வாய். வெளியே சாம்பல் நிறக் குதிரைவண்டி வந்து நின்றது. லங்காஸ்டர் ஆமிஷ் வண்டிகளின் நிறம் அது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். ஊதா உடுப்பு, கறுப்பு ஏப்ரன், பின்பக்கம் இதய வடிவில் மடிந்த வெள்ளைக் குல்லா. இப்படிப்பட்ட பெண்கள் சமையல் புத்தகமோ விவசாயப் புத்தகமோ தேடுவார்கள் என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன். அவள் நேராகச் சிலுவை அலமாரிக்குப் போனாள். கோதுமை வயல் படம் போட்ட மூன்றை உருவினாள். ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் திறந்து நின்றபடியே படித்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்!

அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“ஜூன் மாசம் கல்யாணமாம்” என்றாள் அந்தப் பெண், இழுத்த இங்கிலீஷில். “அதுவும் சனிக்கிழமை.”

“செலரியும் இல்லை” என்றார் அம்மாள்.

இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு பேச்சு டச்சுக்கு மாறியது. இத்தனை வாரமும் இங்கிலீஷ் மட்டுமே கேட்ட வாயிலிருந்து அந்த மொழி தடங்கலில்லாமல் வந்தது. குரல்கூட மாறிவிட்டது, ஒரு சுற்று இளைய குரல். எனக்கு அதில் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். அம்மாள் தன் பக்கத்தில் இருந்த ஒரு நாவலை, இதைப் படி என்பதுபோல எடுத்தார். அந்தப் பெண் எட்டும் தூரத்தில்தான் நின்றாள். கையில் கொடுக்கவில்லை. மேசையின் நடுவில் வைத்து, விரலை எடுத்துக்கொண்டார். அவர் கை விலகிய பிறகு அவள் கை வந்து எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் இதை யோசிக்காமல் செய்தார்கள். இருவருக்கும் பழகிப்போன காரியம்.

பிற்பகல் காரில் திரும்பும்போது மகள் கேட்டாள், “என்னப்பா, இன்னைக்கு என்ன பார்த்தீங்க?”

“செலரின்னா என்னம்மா, சூப்ல போடுவியே, அதானே? கல்யாணத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவள் சிரித்தாள். ரெண்டு மைல் தள்ளி, ஒரு வெள்ளைப் பண்ணைவீட்டருகில் காரை மெதுவாக்கினாள். வீட்டுக்குப் பின்னால் நீண்ட பாத்தி, வரிசை வரிசையாகப் பச்சை. “இவ்வளவு செலரியை ஒரு குடும்பம் தின்ன முடியுமா? இந்த வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம்னு அர்த்தம். ஆபீஸ்ல சொல்லுவாங்க.”

அறுவடை முடிந்து கை ஓய்ந்த பிறகு, நவம்பரை ஒட்டித்தான் பெரும்பாலும் இங்கே ஆமிஷ் கல்யாணம். செவ்வாய் அல்லது வியாழன். முந்தின நாள் சமையலுக்கு, மறுநாள் துப்புரவுக்கு. சனிக்கிழமை வைத்தால் துப்புரவு ஞாயிற்றுக்கிழமையில் போய் விழும், அது நடக்காது. பெண் வீட்டில்தான் எல்லாம். முந்நூறு நானூறு பேருக்குப் பந்தி. பூ கிடையாது, மோதிரம் கிடையாது. பூச்சாடி இருக்க வேண்டிய இடத்தில் ஜாடியில் செலரித் தண்டு, இலையோடு. பந்தியிலும் வெந்த செலரி. நிச்சயம் ஆனதைச் சபையில் அறிவிக்கும்வரை ரகசியமாக வைத்திருப்பார்கள், ஆனால் செலரியைக் கோடையிலேயே நட்டாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, வாயைத் திறக்காமல் தெரிந்துகொள்வார்கள். என் இனம்!

ஆக, தண்டு என்றால் இதுதான். நாவலின் கடைசியில் கல்யாணம் வைப்பதற்கு முன் கோடையிலேயே தோட்டத்தில் செலரி நட்டவரா இந்த ஆசிரியர்? கதை நல்லதா கெட்டதா என்பதை மையில் எழுதுகிறார். எழுதியவர் அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்தவரா என்பதைப் பச்சையில் போடுகிறார்.

பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ‘விமன் டாக்கிங்’கில் யாருக்குக் கல்யாணம்? அடுத்த வாரம் அதை எடுத்துப் புரட்டினேன். உயிர் போகிற விஷயத்தைப் பேசக் கூடிய அந்தப் பெண்கள், பேச்சைத் தொடங்கும் முன் ஒருவர் காலை ஒருவர் கழுவிவிடுகிறார்கள். திருவிருந்து நாளில் ஆமிஷ் சபையிலும் கால் கழுவுவது உண்டு. பக்க ஓரத்தில், அழிரப்பர் பட்டால் போய்விடும் அளவுக்கு மெல்லிசாக, ஒரு பச்சைக் கோடு.

அதே வாரம், ஆமிஷ் வழக்கங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தகவல் பகுதியில் பார்த்தேன். ஞானஸ்நானம் பெற்றபின் சபையை விட்டுப் போனவரை விலக்கிவைத்தால், அவரோடு பேசத் தடை இல்லை. உதவி செய்யலாம், நோயில் போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவர் கையிலிருந்து ஒரு பொருளை நேரடியாக வாங்குவதும் இல்லை. கீழே வைத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

புத்தகத்தை மூடி வைத்தேன். எதிர் மேசையில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு என்ன இருக்கிறது? கேட்க எனக்கு மொழியும் இல்லை.

ஊர் திரும்பும் முன் கடைசிச் செவ்வாய், நவம்பர் பாதி. வரும் வழியில் அந்த வெள்ளைப் பண்ணைவீட்டுப் பாத்தி வெட்டிக் காலியாகக் கிடந்தது. முற்றத்தில் வண்டிகள் வரிசையாக, நாற்பது ஐம்பது இருக்கும்.

அம்மாள் அன்று ஒன்றும் எழுதவில்லை. ஒரு துணியை வைத்துக்கொண்டு அலமாரி விளிம்பைத் துடைத்துக்கொண்டு வந்தார். அட்டைகளை உருவி, உறையைத் துடைத்து, மறுபடி செருகினார். ‘தி ஷன்னிங்’குக்குக் கீழே வந்ததும் உருவ ஒன்றும் இல்லை. வெற்று உறைக்குள் துணியோடு விரலை விட்டு, மூலைவரை துடைத்தார். மூன்று பிரதிகளின் ஓரத்தையும் தட்டிச் சீராக்கினார். அடுத்த உறைக்கு நகர்ந்தார்.

மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது கைக்குட்டை இழுபட்டு, பச்சைப் பென்சில் உருண்டு என் காலருகே வந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். அவர் பழக்கத்தில் மேசை நடுவைக் காட்டினார், அங்கே வைத்துவிடுங்கள் என்பதுபோல. நான் வைக்கவில்லை. நீட்டினேன்.

ஒரு கணம் என் கையையே பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்தார்.